மாத்திரை கொடுத்தார்கள், நம்பிக்கை வரவில்லை

2001 இறுதியில் அமெரிக்காவில் தபால் உறைகளுக்குள் ஆந்த்ராக்ஸ் பொடி வந்தது. நோய் கண்டவர்கள் 22 பேர், இறந்தவர்கள் 5 பேர். வாசலில் கிடந்த கடிதத்தைத் தொடவே அஞ்சியவர்களுக்குக் கணக்கில்லை. உயிரி பயங்கரவாதம் என்றதும் கிருமி, ஆய்வகம், தடுப்பூசி என்றே பேசுகிறோம். பயந்துபோன மனிதர்களை எப்படி நடத்துவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

அக்டோபர் 15 அன்று செனட் அலுவலகம் ஒன்றில் ஓர் உறை பிரிக்கப்பட்டது. அங்கிருந்தவர்களுக்கு மூக்கில் மாதிரி எடுத்து, உடனே மாத்திரை கொடுத்தார்கள். அந்த உறை கடந்து வந்த வாஷிங்டன் தபால் பிரிப்பு நிலையத்தில் மட்டும் வேலை வழக்கம்போல் நடந்தது. ஒட்டிய உறையிலிருந்து கிருமி வெளியேறாது என்பது அன்றைய கணிப்பு. அதிவேக இயந்திரம் உறையை அழுத்தியபோது பொடி காற்றில் கலந்துவிட்டது. 21-ஆம் தேதிதான் நிலையத்தை மூடினார்கள். அங்கு வேலை பார்த்த இருவரில் ஒருவர் அன்றும் மற்றவர் மறுநாளும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், தனக்கு ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று அவசர உதவிக்குத் தாமே போன் செய்து சொல்லியிருந்தார்.

அங்கு பெரும்பாலோர் கறுப்பின ஊழியர்கள். நாடாளுமன்ற வளாகத்து நாய்களுக்குக்கூடச் சோதனை நடந்ததே, எங்களுக்கு ஏன் இல்லை என்று கொதித்தார்கள். கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்கு மருந்து தராமலே 1932 முதல் 1972 வரை நடந்த டஸ்கிகீ ஆய்வு அந்தச் சமூகம் மறக்காத காயம். டிசம்பரில், இன்னும் ஆய்வு நிலையில் இருக்கும் சிகிச்சை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தடுப்பூசி போட முன்வந்தபோது, மிகச் சிலரே கை நீட்டினார்கள். பல இடங்களிலும் 60 நாள் ஆன்டிபயாடிக் பரிந்துரைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர்கூட அதை முழுதாகச் சாப்பிடவில்லை. வயிற்றுக் கோளாறும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் வாரத்தில் உடைந்த நம்பிக்கையை எந்த மாத்திரை ஒட்டவைக்கும்?

எல்லாவற்றையும் உடனே சொன்னால் ஜனங்கள் மிரண்டுவிடுவார்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு பரவியபோது 5,000 பேருக்கு மேல் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். பெரும்பாலோருக்குப் பாதிப்பு லேசானது. அவர்களை மிரண்ட கூட்டம் என்று சொல்வது அநியாயம். நஞ்சு பரவிய செய்தி கேட்டு டாக்டரைத் தேடிப்போவதில் என்ன தவறு?

என் கவலை வேறு. அடுத்த முறையும் தபால் பிரிப்பவர், வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், மருத்துவமனைத் துணி துவைப்பவர் ஆகியோருக்குத்தான் கடைசியாகச் செய்தி போகுமா? ஒத்திகைக் கூட்டங்களில் அவர்களுக்கு இடம் வேண்டும். எது தெரியும், எது தெரியாது என்பதை, அவர்கள் நம்பும் தொழிற்சங்கக்காரரை வைத்துக்கொண்டு, ஷிப்ட் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும். மேலதிகாரிக்குக் கொடுக்கும் அதே மாத்திரையை அதே நாளில் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு போன் எண்ணும், அபாயம் நீங்கிய பிறகும் தூக்கமில்லாமல் தவிப்பவரை மாதக்கணக்கில் விசாரித்து வரும் மனநல ஆலோசகரும் வேண்டும். இவற்றுக்கான பணத்தைத் தடுப்பூசி வாங்கும் திட்டத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.