முதல் நாற்பது நாள் – 6: பால் கட்டினால் சூடா, ஐஸா?

பிள்ளை பெற்ற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் பெரும்பாலும் அது வரும். காலையில் மார்பின் ஒரு பக்கம் கல் மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். மதியத்துக்குள் தோல் சிவந்துவிடும், தொட்டால் சுடும். மாலையில் நடுக்கத்தோடு காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி. பினாங்கின் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடொன்றில் இப்படி ஒரு மாலை எப்படிப் போகும் என்று ஊகிப்பது கடினமல்ல. பாட்டி சூட்டு ஒத்தடத்துக்கு அடுப்பைப் பற்ற வைப்பார். பக்கத்து வீட்டு மலாய் அம்மா உருத் (மலாய் முறை உடம்புப் பிடிப்பு) செய்கிற ஆளின் எண்ணைத் தருவார். சீப்பால் நீவிக் கட்டியைக் கரைக்கச் சொல்வார் ஒருவர். "கொஞ்ச நாளைக்குப் புட்டிப்பால் கொடேன்" என்பார் இன்னொருவர்.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் இந்த நான்கு யோசனைகளில் ஒன்றைக்கூட இன்றைய மருத்துவம் முதல் வழியாகச் சொல்வதில்லை.

பால் கட்டு என்று வீட்டிலும் மாஸ்டைட்டிஸ் என்று மருத்துவமனையிலும் சொல்லப்படும் இந்தத் தொல்லை எல்லா நேரத்திலும் கிருமியால் வருவதல்ல. மார்புக்குள் நுண்ணிய பால்குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கிக் குழாய்களை நெருக்குகிறது. பால் நகர முடியாமல் தேங்குகிறது, வீக்கம் இன்னும் கூடுகிறது. இந்தக் கட்டத்திலேயே காய்ச்சல் வரலாம். சிலருக்கு மட்டும் அடுத்த கட்டமாகக் கிருமி பெருகும். அதுவும் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற, நம் தோலிலேயே குடியிருக்கும் பழைய ஆசாமிதான்.

1984இல் டென்மார்க் மருத்துவர்கள் சிலர் பாலில் உள்ள வெள்ளணுக்களையும் கிருமிகளையும் எண்ணி, வெறும் தேக்கம், கிருமியில்லா அழற்சி, கிருமித் தொற்று என மூன்றாகப் பிரித்தார்கள். பாலை வெளியேற்றினால் சீக்கிரம் குணமாகிறது என்றும் கண்டார்கள். அதிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு காலம் உலகம் முழுக்க ஒரே பாட்டுத்தான்: "மார்பைக் காலி செய், நன்றாக அழுத்தித் தேய், சூடு வை." உலகச் சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டிலும் பாலை வெளியேற்றுவதே சிகிச்சையின் அச்சாணி.

2022இல் காற்று திசை மாறியது. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற மருத்துவர் அமைப்பு தன் 36ஆவது நெறிமுறையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. ஒட்ட ஒட்டப் பீய்ச்சினால் உடம்பு அதற்கு ஈடாக இன்னும் அதிகம் சுரக்கும், வீக்கம் வளரும். ஆகவே குழந்தை எப்போதும் குடிக்கும் அளவு குடித்தால் போதும். அழுத்தித் தேய்த்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நசுங்கித் திசு காயமாகும். தடவத்தான் வேண்டுமென்றால் பூனையைத் தடவுகிற மென்மை போதும் என்கிறது நெறிமுறை. சூட்டுக்குப் பதில் ஐஸ். வலிக்கும் வீக்கத்துக்கும் ஐபுப்ரோஃபென் அல்லது பாராசிட்டமால். இரண்டையுமே பாலூட்டும் தாய் சாப்பிடலாம். அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஐபுப்ரோஃபென் தொடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்த மாற்றத்தை ஏற்காத பாலூட்டல் ஆலோசகர்களும் உண்டு. ஆனால் அழுத்தித் தேய்ப்பது கூடாது, பாலூட்டலைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்பவற்றில் பெரிய சண்டை இல்லை.

ஐஸ்தான் இங்கே சிக்கல். பினாங்கில் தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் ஒன்றுபடும் விஷயங்களில் ஒன்று, பிள்ளை பெற்றவள் மேல் குளிர்ச்சி படக் கூடாது என்பது. மலாய் வீட்டில் வயிற்றுக்குத் துங்கு எனும் சுடுகல் ஒத்தடம், சீன வீட்டில் இஞ்சி, நம் வீட்டில் மிளகும் பூண்டும். இப்படிப்பட்ட வீட்டில் துண்டில் சுற்றிய ஐஸை மார்பில் வைக்கச் சொல்வது மாமியாரின் காதில் அபச்சாரமாகத்தான் விழும். ஐஸுக்காகப் பத்தியத்தைக் கைவிட வேண்டியதில்லை. மிளகு ரசம் வயிற்றுக்கு, ஐஸ் வீங்கிய இடத்துக்கு மட்டும், அதுவும் சில நிமிடங்கள்.

பாட்டி வைத்தியம் எல்லாமே வீண் என்றும் தள்ளிவிட முடியாது. மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது தமிழ்நாட்டு நம்பிக்கை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதைப் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988இல் ஆய்வு வெளியிட்டார்கள். ரத்தத்தில் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினின் அளவை மாத்திரைதான் அதிகம் குறைத்தது. ஆனால் மார்பு வீக்கம், பால் சுரப்பு, வலி மாத்திரையின் தேவை ஆகியவற்றில் பூவும் மாத்திரையும் சமமாகவே நின்றன. பால் கட்டிய தாய் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எச்சரிக்கைதான்: பாலூட்டலைத் தொடர விரும்புபவர் மல்லிகையைத் தலையில் வைத்துக்கொள்ளட்டும், மார்பில் வேண்டாம்.

தாய்ப்பால் என்றாலே பினாங்குக்கு உலக வரைபடத்தில் தனி இடம் உண்டு. ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை கொண்டாடப்படும் உலகத் தாய்ப்பால் வாரத்தை 1992இல் தொடங்கி நடத்திவரும் வாபா அமைப்பின் தலைமையகம் இந்தத் தீவில்தான் இருக்கிறது. 1991இல் வாபாவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் பயனீட்டாளர் இயக்கத்தின் அன்வார் ஃபசால். அதற்கும் முன்கதை உண்டு. மலாயாவில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, சர்க்கரைக் கலவையான டின்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கொலை என்றே சொன்னார். அந்தக் கோபத்தின் வாரிசுகள் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. சுவரொட்டிகளில் சிரிக்கும் தாய் தெரிகிறாள், மூன்றாவது வாரத்தில் நடுங்கும் தாய் தெரிவதில்லை. வலி வரலாம் என்று முன்கூட்டியே சொல்லாததால், வலி வந்ததும் தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துப் பல பெண்கள் புட்டிக்குப் போகிறார்கள்.

பாலால் குழந்தைக்கு நோய் ஒட்டுமோ என்ற பயம் வேண்டாம். வலிக்கிற பக்கத்திலும் குழந்தை குடிக்கலாம். திடீரென நிறுத்தினால்தான் சீழ்க்கட்டி உண்டாகும் அபாயம் கூடும். மருத்துவர் கிருமித் தொற்று என்று முடிவு செய்தால் கிளாக்சசிலின், செஃபலெக்சின் போன்ற மருந்தைப் பத்து முதல் பதினான்கு நாள் தருவார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவதுதான் நம்மவர்கள் வழக்கம், அது தவறு. சீழ்க்கட்டியே வந்துவிட்டால் அல்ட்ராசவுண்டில் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்க முடிகிறது, எல்லாருக்கும் கத்தி தேவைப்படுவதில்லை.

வேலைக்குத் திரும்பும்போது இரண்டாவது ஆபத்து. 2023 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவில் தனியார் துறைத் தாய்மாருக்குப் பேறுகால விடுப்பு 98 நாள், முன்பு 60தான். நல்ல மாற்றம். ஆனால் பால் பீய்ச்ச இடைவேளை தர வேண்டும் என்று அந்த விடுப்பைத் தந்த சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. தொழிற்சாலை ஷிப்டில் பல மணி நேரம் பால் தேங்கினால் மீண்டும் கட்டும்.

மலேசியாவில் பிரசவமான முதல் வாரங்களில் அரசு கிளினிக் மிஸ்ஸி (தாதி) வீடு தேடி வருவார். தொப்புள் கொடியையும் குழந்தையின் மஞ்சள் காமாலையையும் பார்த்துவிட்டு அவர் கிளம்புவதற்குள், கூச்சப்படாமல் மார்பையும் காட்டிவிடுங்கள். அவர் வராத நாளில் காய்ச்சல் 24 மணி நேரத்தைத் தாண்டினாலோ, சிவப்பு பரவினாலோ காத்திருக்க வேண்டாம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

(அடுத்த வாரம்: காம்பு வெடிப்பும் குழந்தை வாய்வைக்கும் முறையும்)