அமைதியாய் இருப்பவரா, அமைதி ஏற்படுத்துபவரா?



நவம்பர் மாதத்தின் முதல் நாளை அனைத்துப் புனிதர்களின் பெருவிழாவாகவும், இரண்டாம் நாளை இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாளாகவும் நாம் கொண்டாடுகிறோம். முதல் நாள் திருப்பலியில் மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தின் தொடக்கம் வாசிக்கப்படுகிறது. மலைமேல் அமர்ந்து நம் ஆண்டவர் பேறுபெற்றோர் யார் யார் என்று எடுத்துரைத்த பகுதி அது. மறுநாள் மாலையில் மெழுகுதிரியும் பூவும் ஊதுபத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம்.

அந்த மாலையில் நம்மில் பலரும் பார்த்திருக்கிற காட்சி ஒன்று உண்டு. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒரு கல்லறை. உள்ளே உறங்குபவர் ஒரு தகப்பன். மூத்த மகனின் குடும்பம் நேரத்தோடு வந்து மாலை போட்டு, திரி ஏற்றிச் செபித்துவிட்டுப் போகிறது. இளைய மகனின் குடும்பம் வாசலுக்கு வெளியே காத்திருந்து, அவர்கள் போனபிறகு உள்ளே வருகிறது. அண்ணன் ஏற்றிய திரி தலைமாட்டில் எரிந்துகொண்டிருக்க, தம்பி கால்மாட்டில் தனியாக ஏற்றுகிறார். வயதான தாய் யாரோடு வருவது, யாரோடு திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார். தகப்பன் விட்டுப்போன வீட்டடி மனையையோ, அரை ஏக்கர் தோட்டத்தையோ பங்கு பிரித்தபோது விழுந்த விரிசல் அது.

"சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, சாமி. அவங்க வழிக்கு நாங்க போறதில்லை, எங்க வழிக்கு அவங்க வர்றதில்லை. அமைதியாத்தான் இருக்கோம்" என்று இரு வீட்டாரும் சொல்வார்கள்.

தமிழில் 'அமைதி' என்ற சொல்லுக்குச் சமாதானம் என்றும் பொருள் உண்டு, பேசாமல் இருப்பது என்றும் பொருள் உண்டு. இந்த இரண்டாவது பொருளை வைத்துக்கொண்டு முதலாவதை அடைந்துவிட்டதாக நாம் நம்மையே சமாதானப்படுத்திக்கொள்கிறோம். ஆனால் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று அழைப்பது அமைதி ஏற்படுத்துவோரை. நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு 'அமைதியைச் செய்பவர்' என்பதே நேர்ப்பொருள். புதிய ஏற்பாட்டில் அந்தப் பெயர்ச்சொல் இந்த ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. அதன் வினைச்சொல்லைத் திருத்தூதர் பவுல், கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில், சிலுவையைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்துகிறார். அப்படியானால் அமைதி தானாக அமைவதில்லை. யாராவது ஒருவர் விலை கொடுத்து அதைச் செய்தாக வேண்டும்.

எட்டுப் பேறுகளின் வரிசையில் அமைதி ஏற்படுத்துவோர் ஏழாவது இடத்தில் வருகிறார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முன் உள்ள ஆறும் அங்கே ஏறிச்செல்லும் படிகள் போல அமைந்திருக்கின்றன.

முதற்படி எளிய உள்ளம். "என் பக்கமும் தவறு இருக்கலாம்" என்று தனிமையிலாவது ஒப்புக்கொள்ளும் மனம் அது. இரண்டாவது துயருறுதல். முறிந்த உறவை நினைத்து நமக்கு அழுகை வருகிறதா, அல்லது அது பழகிப்போய்விட்டதா? நடுவில் நிற்கும் தாய்க்கு இன்னும் அழுகை வருகிறது. அவரே அந்தக் குடும்பத்தில் பேறுபெற்றவர். மூன்றாவது கனிவு. கனிவுடையோருக்கு ஆண்டவர் வாக்களிப்பது என்ன தெரியுமா? நிலம்! திருப்பாடல் 37-இல் ஏற்கெனவே உள்ள வாக்குறுதி அது. நிலத்துக்காகக் கனிவை இழந்த நம்மிடம், கனிவுள்ளவருக்கே நிலம் உரிமை என்கிறார் ஆண்டவர். சண்டையிட்டு வாங்கிய பட்டா நம் பெயரில் இருக்கலாம். ஆனால் அந்த மண்ணில் நிம்மதியாகக் கட்டிலைப் போட்டுப் படுக்க முடிகிறதா?

நான்காவது, நீதியின்மேல் கொள்ளும் பசியும் தாகமும். இதை நாம் தாண்டிக் குதிக்கக் கூடாது. "விட்டுக்கொடு, சமாதானமாய்ப் போ" என்ற அறிவுரை பெரும்பாலும் வீட்டில் வலுவற்றவருக்கே சொல்லப்படுகிறது. அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ளும் பல வீடுகளில், மூன்றாவதாக ஒரு சகோதரி இருப்பதை இருவருமே மறந்துவிடுகிறார்கள். கட்டிக்கொடுக்கும்போதே செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. நாட்டின் சட்டம் கொடுப்பதைக்கூடக் கொடுக்க மனமில்லாமல், நற்செய்தியின் அமைதியைப் பற்றி நாம் எப்படிப் பேச முடியும்? நீதியைப் புதைத்துவிட்டு அதன்மேல் கட்டும் அமைதி, வெள்ளையடித்த கல்லறைதான்.

ஐந்தாவது இரக்கம். இதை வாழ்ந்து காட்டிய ஒரு குடும்பம் நம் காலத்திலேயே உண்டு. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்தவர் அருட்சகோதரி ராணி மரியா. மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் பகுதியில், வட்டிக்காரர்களிடம் சிக்கிய ஏழை உழவர்களோடு நின்றார். அதற்காக 1995 பிப்ரவரி 25 அன்று ஓடும் பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய தங்கை செல்மி பவுலும் அதே சபையின் துறவி. அவர் 2002-ஆம் ஆண்டு சிறைக்குப் போய், தன் அக்காளைக் கொன்ற மனிதரின் கையில் ராக்கி கட்டி, அவரைத் தன் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். விடுதலையான அந்த மனிதர் பிறகு கேரளத்துக்கே சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். இங்கே முதலில் நடந்து போனது யார்? குற்றம் செய்தவர் அல்ல, இழப்புக்கு உள்ளானவர். "அவன் வந்து கேட்கட்டும், பார்க்கலாம்" என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நமக்கு இந்தத் தங்கை ஒரு மறையுரை.

ஆறாவது தூய உள்ளம். "நான்தான் முதலில் பேசினேன்" என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ள அல்ல, உறவு திரும்ப வேண்டும் என்பதற்காகவே போவது. இந்த ஆறு படிகளையும் ஏறியவருக்கே ஏழாவது கைகூடுகிறது.

அப்படியானால் எட்டாவது? துன்புறுத்தப்படுதல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும். "நீ அவன் பக்கம்" என்று அண்ணன் ஏசுவார். "உன்னை யார் கூப்பிட்டார்கள்?" என்று தம்பி கேட்பார். ஆண்டவர் இதை முன்கூட்டியே அறிந்திருந்தார். அதனால்தான் ஓர் அழகான காரியம் செய்திருக்கிறார். நடுவில் உள்ள ஆறு பேறுகளிலும் வாக்குறுதி எதிர்காலத்தில் இருக்கிறது. ஆறுதல் பெறுவார்கள், நிறைவு பெறுவார்கள், இரக்கம் பெறுவார்கள் என்ற போக்கில் அவை செல்கின்றன. முதலாவதிலும் எட்டாவதிலும் மட்டும் நிகழ்காலம். விண்ணரசு அவர்களுக்கு இப்போதே உரியது. இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் அந்த மனிதர், தெருவில் நடக்கும்போதே விண்ணரசின் குடிமகன்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டு தூய வாழ்வைக் குறித்து வெளியிட்ட 'மகிழ்ந்து பேருவகை கொள்ளுங்கள்' என்ற திருத்தூது அறிவுரையில், பேறுகளைக் கிறிஸ்தவரின் அடையாள அட்டைக்கு ஒப்பிட்டார். அடையாள அட்டையை நாம் பெட்டியில் பூட்டி வைத்தால் போதாது. கேட்கிற இடத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். நம்மிடம் அதைக் கேட்கும் இடம் பெரும்பாலும் சொந்த வீட்டு வாசற்படிதான்.

எனவே அன்பார்ந்தவர்களே, வருகிற கல்லறைத் திருநாளுக்காக ஒரு சிறிய காரியத்தை நாம் முடிவு செய்வோம். பேச்சு நின்றுபோன அந்த ஒருவருக்கு, "எத்தனை மணிக்கு வர்றீங்க? நாங்களும் அப்பவே வர்றோம்" என்று ஒரு சொல் சொல்லி அனுப்புவோம். வழக்கு ஒரே நாளில் தீராது, பங்கு ஒரே மாலையில் பிரியாது. ஆனால் தகப்பனின் தலைமாட்டில் எல்லாரும் சேர்ந்து நின்று, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்ற செபத்தை ஒருமுறை சொல்ல முடியும். அவர் வரவில்லை என்றால், அவருக்காகவும் ஒரு திரியை நாமே ஏற்றிவிட்டு வருவோம். அடுத்த ஆண்டும் அழைப்போம்.

அமைதியின் ஆண்டவரே, பேசாமல் இருப்பதையே அமைதி என்று எண்ணி ஏமாந்த எங்களை மன்னியும். முதல் அடியை எடுத்துவைக்கும் துணிவைத் தாரும். எங்கள் குடும்பங்களில் இறந்தோருக்கு நிலையான இளைப்பாற்றியையும், இருப்போருக்கு ஒருவரையொருவர் ஏற்கும் மனத்தையும் அருளும். ஆமென்.