கட்டத்துக்கு ஒரு காரணம்

ரங்கூனில் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார் ஊருக்குப் பணம் அனுப்ப உண்டியல் என்னும் பணச்சீட்டு எழுதினார்கள். காட்டியவுடன் பணம் தரவேண்டியது தர்சன உண்டியல். எழுதுபவர் யார், பணம் கொடுக்க வேண்டிய கடை எது, பெறுபவர் யார், தொகை எவ்வளவு, தேதி என்ன என்ற விவரங்களே ஒரு சிறு தாளில் இருக்கும். கடல் கடந்து பணம் சேர அவை போதுமானவை.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை இன்று இணையத்தில் வாங்கும்போது நாம் நிரப்பும் பணப் படிவம் அந்த உண்டியலின் பேரப்பிள்ளைதான். அதை எப்படி அமைக்க வேண்டும்?

தெரிந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. அட்டை எண் 4இல் தொடங்கினால் அது விசா. எனவே 'எந்த அட்டை?' என்ற கட்டமே தேவையில்லை. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் படிவமே கண்டுபிடித்துவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1960இல் காப்புரிமை பெற்ற கணக்கு அது: வலமிருந்து இரண்டாவதில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டித்து, இரட்டிக்காதவற்றையும் சேர்த்து வரும் இலக்கங்களையெல்லாம் கூட்டினால் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். முகவரியிலும் அப்படித்தான். 630001 என்று அஞ்சல் குறியீட்டை முதலில் கேட்டால் காரைக்குடி, தமிழ்நாடு இரண்டையும் படிவமே நிரப்பிக்கொள்ளலாம்.

பெயருக்கு ஒரே கட்டம் போதும். காரைக்குடியைக் கல்வி நகரமாக்கியவர் கே.வி.ஏ.எல்.ஆர்.எம். அழகப்பச் செட்டியார். செட்டிநாட்டில் இந்தத் தலைப்பெழுத்து வரிசையே குடும்பத்தின் விலாசம். 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் கட்டினால் இதை எதில் எழுதுவது? புள்ளியையும் இடைவெளியையும் ஏற்கும் நீளமான கட்டம் வேண்டும்.

வாங்கிய விவரத்தைச் சேர்த்து வைக்கவும் கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அட்டை எண்ணைச் சேமிக்க முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்னும் மாற்று எண்ணையே வைத்துக்கொள்ளலாம். குறித்த வேலைக்குத் தேவையான விவரத்தை மட்டுமே பெறவேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறி.

கடை நடத்துபவர்களே, உங்கள் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் காரணம் சொல்லிப் பாருங்கள். காரணம் இல்லாத கட்டத்தை நீக்கிவிடுங்கள். படிவத்தை நிரப்புபவர்களுக்கும் ஒரு சொல்: பணம் பெறுவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை. பணம் தருவதாகச் சொல்லி அதைக் கேட்கும் படிவத்தை உடனே மூடிவிடுங்கள்.