பல்கலைக்கழக வேலைக்கு 30 லட்சமா? இண்டர்வியூ அறைக்குள் நடப்பது என்ன?

கோவை,-

கிழிந்த ரூபாய் நோட்டுகளைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் தேடியது போலீஸ். அதுவும் எங்கே? பல்கலைக்கழகத் துணைவேந்தர் குடியிருந்த பங்களாவில்!

நடந்தது 2018 பிப்ரவரி 3-ந் தேதி, சனிக்கிழமை. இடம், கோவை மருதமலை ரோட்டில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகம்.

அப்போது துணைவேந்தராக இருந்தவர் கணபதி. உதவிப் பேராசிரியர் வேலை விஷயமாக 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்பது அவர் மீது குற்றச்சாட்டு. ரொக்கம் 1 லட்சம். பாக்கி 29 லட்சத்துக்குச் செக்!

புகார் கொடுத்தவர் வெளியாள் அல்ல. அதே பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த உதவிப் பேராசிரியர்தான்.

லஞ்ச ஒழிப்புத்துறை போலீசார் உள்ளே நுழைந்ததும் நோட்டுகளைக் கிழித்துக் கழிவறையில் போட்டுவிட்டார்கள் என்று போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது. அதனால்தான் தொட்டியைத் திறந்து தேட வேண்டி வந்தது.

கணபதி கைதானார். இடையில் நின்று பேசியதாக வேதியியல் பேராசிரியர் ஒருவரும் கைதானார். சில நாட்களிலேயே துணைவேந்தரைச் சஸ்பெண்டு செய்தார், அப்போதைய கவர்னர் பன்வாரிலால் புரோகித்.

கைது என்பது தீர்ப்பு அல்ல. குற்றவாளியா, இல்லையா என்று சொல்ல வேண்டியது கோர்ட்டு. ஆனால் அன்று கோவையில் டீக்கடைக்கு டீக்கடை கேட்ட கேள்வி ஒன்றுதான். "படிச்சு டாக்டர் பட்டம் வாங்கின பையனுக்கே 30 லட்சமுங்களா?"

52 மாதச் சம்பளம்

உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சம்பள விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 57,700 ரூபாய். 30 லட்சத்தை இதால் வகுத்தால் 52 மாதம். அதாவது 4 வருஷம் 4 மாதம் ஒரு பைசா வீட்டுக்குக் கொண்டு போகாமல் உழைத்தால்தான் கொடுத்த பணம் திரும்பும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரும், சோமனூரில் தறி ஓட்டுபவரும் மகனை எம்.எஸ்சி., பி.எச்டி. என்று படிக்க வைக்கிறார்கள். இண்டர்வியூ கடிதம் வீடு வந்து சேர்ந்ததும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "என்ன கேப்பாங்க கண்ணு?" என்பது இல்லை. "யாரைப் புடிக்கணும்? எத்தனை ஆகும்?" என்பதுதான்!

இந்தக் கேள்விக்கு இடம் கொடுப்பது எது?

91-ம் ஒன்றுதான், 67-ம் ஒன்றுதான்!

கோவை கைது நடந்தபோது இருந்த யு.ஜி.சி. விதி 2010-ஆம் ஆண்டு விதி. அதன்படி பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வில் படிப்பு, ஆராய்ச்சிக்கு 50 சதவீதம். பாட அறிவு, பாடம் நடத்தும் திறமைக்கு 30. இண்டர்வியூவுக்கு 20 மட்டுமே.

கைது நடந்து ஐந்தே மாதத்தில், 2018 ஜூலையில், புது விதி வந்தது. இண்டர்வியூவின் பங்கு குறைந்ததா? இல்லை. கூடியது!

புது விதியில் மார்க் பட்டியல் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு 15 வரை. முதுகலைக்கு 25 வரை. பி.எச்டி.க்கு 30. நெட் பாஸ் என்றால் 5, ஜே.ஆர்.எப். சேர்ந்தால் 7, செட் என்றால் 3. ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை. வேலை அனுபவம் வருஷத்துக்கு 2 வீதம் 10 வரை. விருதுக்கு 3. மொத்தம் 100.

ஒருவர் பட்டப்படிப்பில் 75 சதவீதம், முதுகலையில் 72, பி.எச்டி., நெட், ஐந்து கட்டுரை, ஐந்து வருஷ அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 91 மார்க்.

இன்னொருவர் பட்டப்படிப்பில் 58, முதுகலையில் 57, பி.எச்டி., செட், ஒரே கட்டுரை, ஒரே வருஷ அனுபவம். அவருக்கு 67.

இரண்டு பேருக்கும் இண்டர்வியூ கார்டு வந்துவிட்டால் கதை மாறுகிறது. இந்த மார்க் ஆளைக் கூப்பிடுவதற்கு மட்டும்தான் என்கிறது விதி. தேர்வு முழுக்க முழுக்க இண்டர்வியூவை வைத்து மட்டுமே. 91-ம் 67-ம் அறைக்கு வெளியே நின்றுவிடும். உள்ளே போனால் இருவரும் ஒன்றுதான்!

உள்ளே உட்காருவது யார்?

தலைமை நாற்காலி துணைவேந்தருக்கு, அல்லது அவர் அனுப்பும் ஆளுக்கு.

பாடத்தில் தேர்ந்த நிபுணர்கள் மூன்று பேர். பல்கலைக்கழகக் குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் இருந்து இவர்களை எடுப்பதும் துணைவேந்தரே. வேந்தர் நியமிக்கும் பேராசிரியர் ஒருவர். டீன், துறைத்தலைவர். வந்தவர்களில் தாழ்த்தப்பட்ட, பிற்பட்ட வகுப்பினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இருந்து, குழுவில் அவர்கள் சார்பில் ஆள் இல்லை என்றால் ஒருவரைச் சேர்க்க வேண்டும்.

குழு கூட நான்கு பேர் போதும். அதில் இருவர் வெளியில் இருந்து வந்த நிபுணர்களாக இருக்க வேண்டும்.

ஆக, தலைவரும் அவரே. நிபுணரைப் பொறுக்குபவரும் அவரே. அந்த நாற்காலி சுத்தமாக இருந்தால் எல்லாம் சுத்தம். அந்த நாற்காலியே விலைக்குப் போனால்?

இதைக் கிளப்பியவர் சாதாரண ஆள் இல்லை. தமிழ்நாட்டில் துணைவேந்தர் பதவி 40 கோடி, 50 கோடிக்கு விற்கப்பட்டது என்று 2022 அக்டோபரில் பஞ்சாப் கவர்னராக இருந்தபோது பகிரங்கமாகச் சொன்னார் புரோகித். தமிழகத்தில் நான்கு வருஷம் வேந்தர் நாற்காலியில் இருந்தவர் அவர்!

எழுதினால் தப்பலாமா?

பேச்சை விட எழுத்து மேல் என்று அரசுகளே நினைத்ததுண்டு. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கெஜட் பதிவு பெறாத 'பி' பிரிவு, 'சி' பிரிவு வேலைகளுக்கு இண்டர்வியூவையே எடுத்துவிட்டது.

தமிழக அரசு கலைக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுக்க 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு கொடுத்தது. அதில் எழுத்துத் தேர்வுக்கு 200 மார்க். இண்டர்வியூவுக்கு 30.

வாத்தியார் வேலைக்கு வாய் முக்கியம் என்று சொல்பவர்களும் உண்டு. எழுதத் தெரிந்தவருக்கு வகுப்பில் நின்று பேச வராமல் போகலாம். அதனால்தான் 30 மார்க்காவது வைக்கிறார்கள்.

காலி நாற்காலி

பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022-ல் துணைவேந்தர் காளிராஜின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் துணைவேந்தரே இல்லை. தேடுதல் குழுவில் யு.ஜி.சி. ஆள் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று கவர்னர் மாளிகைக்கும் கோட்டைக்கும் இழுபறி. அது சுப்ரீம் கோர்ட்டு, ஐகோர்ட்டு வரை போனது. பல்கலைக்கழகத்தைப் பொறுப்புக் குழு பார்த்துக்கொண்டது.

விலை பேசும் துணைவேந்தர் ஒரு ஆபத்து. துணைவேந்தரே இல்லாதது இன்னொரு ஆபத்து. நாற்காலி காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வருஷமும் இண்டர்வியூவுக்குக் காத்திருப்பவருக்கு வயது ஒன்று கூடுகிறது.

நிரந்தர வேலை வரும்வரை பையன்கள் என்ன செய்கிறார்கள்? ஆராய்ச்சித் திட்டத்தில் தற்காலிக வேலைக்கு 'வாக்-இன்' இண்டர்வியூ. காந்திபுரத்தில் 70-ஆம் நம்பர் பஸ் ஏறினால் வேளாண்மைப் பல்கலைக்கழகம், அதைத் தாண்டினால் பாரதியார் பல்கலைக்கழகம். அசல் சர்டிபிகேட், ஜெராக்ஸ் கட்டோடு இறங்க வேண்டியதுதான். பஸ் செலவு சொந்தச் செலவு. நெட், ஜே.ஆர்.எப். பாஸ் செய்தவருக்கு 2023 ஜனவரி முதல் உதவித்தொகை மாதம் 37,000. இரண்டு வருஷம் கழித்து 42,000. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது.

புரோக்கர் வந்தால்...

லஞ்சம் வாங்கினால் 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை ஜெயில். 2018 ஜூலையில் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி, கொடுத்தவரும் குற்றவாளி!

ஆனால் ஒரு வழி இருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் போலீசில் சொல்லிவிட வேண்டும். கொடுத்தவர் மீது வழக்கு இல்லை. கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத்துறைக்குச் சொன்னால் இன்னும் நல்லது. நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் ரோஸ் கலராகிவிடும்.

இண்டர்வியூவில் தனக்குப் போட்ட மார்க் எத்தனை என்று 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

"காசு கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று வீடு தேடி வருபவன், பையனுக்குத் திறமையால் தானாகக் கிடைக்கும் வேலையைக் கூடத் தான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிப் பணத்தைப் பிடுங்குவான். தோட்டத்துப் பத்திரத்தைப் பெட்டியில் இருந்து எடுக்கும் முன், 30 லட்சத்தை 57,700-ஆல் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.