வெயில் குன்றினால் எலும்பு நலியும்

கழுத்துத் தோலைத் தாடிபோல் விரிக்கும் ஓணான் ஒன்று அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் உண்டு. தாடி ஓணான் எனப்படும் அதனை இன்று பல நாடுகளில் கண்ணாடிக் கூண்டுகளில் வளர்க்கின்றனர். நோயுற்றால் அது முனகுவதில்லை, அசையாது கிடக்கும். நாமோ அதைச் சோம்பல் என எண்ணிவிடுகிறோம்.

கால் நடுங்குதல், தாடை மென்மையாதல், உடலைத் தூக்கி நடக்க இயலாமை, முதுகு வளைதல் ஆகியன எலும்பு நலிவின் அறிகுறிகள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலிற் பட்டால் விற்றமின் டி உருவாகும். அஃதின்றேல் உண்ட கல்சியம் உடலிற் செவ்வனே சேராது. குழந்தைகளின் கால் வளையும் நோயும் இவ்வகையினதே. சாளரக் கண்ணாடி அக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும். கூண்டிலிடும் புற ஊதா விளக்கும் நாட்பட்டால், ஒளி குன்றாதிருக்கவே, கதிர் குன்றிவிடும்.

அறிகுறி கண்டவுடன் ஊர்வனவற்றை அறிந்த மிருக வைத்தியரை நாடுதல் வேண்டும். மருந்தின் அளவை அவரே வகுக்கட்டும். விற்றமின் மிகினும் தீங்கே. விளக்கைக் காலத்தில் மாற்றுதலும், இரையாகும் பூச்சிகள்மீது கல்சியத் தூளைத் தூவுதலும் நம் கடன். தொடக்கத்திற் கண்டால் நோய் தணியும். வளைந்த எலும்பு நிமிர்தல் அரிது.

வாய்பேசா உயிரை வீட்டிற்குக் கொணர்ந்தால், அதற்குரிய வெயிலையும் கொணரக் கடமைப்பட்டுள்ளோம்.