ஏடு தொடக்கலும் கரையோரத் தமிழும்

யப்பானியர் நவம்பர் 15ஆம் நாளையொட்டி மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, அவர்தம் வளர்ச்சிக்கு நன்றி கூறி, நல்வாழ்வு வேண்டுவர். ‘சிச்சி-கோ-சான்’ எனும் இவ்விழாவின் பெயர் ஏழு, ஐந்து, மூன்று எனப் பொருள்படும்.

நம்மவரிடையே இதற்கு ஒப்பாவது விசயதசமியன்று நிகழும் ஏடு தொடக்கல். பிள்ளையை மடியிலிருத்தி, அதன் விரலைப் பற்றிப் பச்சரிசியிலே அகரம் எழுதுவிப்பர். அங்கே வயது சிறப்பிக்கப்படுகின்றது, இங்கே எழுத்து.

சிலாபம் முதல் நீர்கொழும்பு வரையுள்ள கரையோரத்திலே, பள்ளிக் கல்வி சிங்களத்துக்கு மாறியபின், பல குடும்பங்கள் சில தலைமுறைகளுள் தமிழெழுத்தை இழந்தன. திரௌபதையம்மன் கோயில் கொண்ட உடப்பிலோ தமிழ் நிலைத்துள்ளது. அரிசியிலெழுதிய அகரம் அன்றே கலைந்துவிடும். ஆலயம் தொடக்கிவைப்பதைத் தமிழ்ப் பள்ளிக்கூடமே நிலைபெறச் செய்யும்.