பூட்டிய பள்ளிக்கூடத்தின் பின்வாசல்

முன்கேட்டில் பூட்டு தொங்குகிறதா? அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அப்படியே மதிலை ஒட்டி நடந்து, சத்துணவுக்கூடம் இருக்கிற பக்கமாக வாருங்கள். மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். இது 2020. பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கிற காலம். உள்ளே நடக்கிற அமர்க்களத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்!

இடம், திருவள்ளூர் மாவட்டம் செவ்வாப்பேட்டை வட்டாரம். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகிற புறநகர் ரயில் வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவில் நின்று மூச்சு விடுமே, அந்த ஊர்தான். ஒரு பக்கம் ஆவடி, அம்பத்தூர். இன்னொரு பக்கம் காக்களூர் தொழிற்பேட்டை. வடக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஷிஃப்டும் தினக்கூலியும்தான் இந்தப் பக்கத்துப் பல வீடுகளில் அடுப்பை எரிய வைக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் ரயில் நின்றது, கம்பெனி சைரன் நின்றது, பள்ளி மணியும் நின்றது. சம்பளம் நின்ற வீட்டில் பிள்ளையின் மதியச் சாப்பாடும் நின்றுபோனால்?

நிற்கவிடுவார்களா! 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்தில் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பரிமாறத் தொடங்கி, 1956-ல் காமராஜர் விரித்து, 1982-ல் எம்.ஜி.ஆர் சத்துணவாக்கிய பந்தி இது. பிள்ளை பந்திக்கு வர முடியாது, சரி. அப்படியானால் பந்தி வீட்டுக்குப் போகட்டும். அரிசி, பருப்பு, அப்புறம் முட்டை என்று உலர் பொருளாகவே கொடுத்துவிட உத்தரவு வந்தது.

உத்தரவு ஒரே ஒரு தாள்தான். அதை நடத்திக் காட்டுவதுதான் சர்க்கஸ். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. 31 நாளுக்குப் பெருக்கினால் 3 கிலோ 100 கிராம், கூடவே பருப்பு 1 கிலோ 200 கிராம். ஆறாவது முதல் எட்டாவது வரை ஒரு நாளைக்கு 150 கிராம், ஆக 4 கிலோ 650 கிராம் அரிசி. படியில் அளந்து கொட்டிப் பழகிய கைகளுக்கு இந்தச் சில்லறை கிராம்கள் செய்த சோதனை இருக்கிறதே! தராசு முள் ஆடி அடங்கும் வரை சமையலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒரு பிடி போடு, அரைப் பிடி எடு என்று சத்துணவு அமைப்பாளர் குரல் கொடுக்க, அந்தப் பக்கம் ஆசிரியர் பதிவேட்டில் பேர் பார்த்துக் கையெழுத்து வாங்க, ஸ்டாக் ரூம் முழுக்கச் சாக்கு வாசனை.

முட்டை வந்ததும் கணக்கு கொஞ்சம் இரக்கப்பட்டது. தலைக்கு மாதம் 10 முட்டை, ஒரு அட்டையில் 30 முட்டை. மூன்று பிள்ளைக்கு ஓர் அட்டை! ஆனால் பத்து முட்டையை எதில் போட்டு எடுத்துப்போவது? வாளி, தூக்கு, ஒயர் கூடை, முந்தானை என்று ஆளுக்கொன்று. வெளியே கோலப்பொடியில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். வட்டத்துக்கு ஒரு அம்மா. வெயில் ஏறினால் அம்மா வேப்பமர நிழலுக்குப் போய்விடுவார், வட்டத்தில் அவருடைய பை மட்டும் ஒழுங்காக வரிசையில் நிற்கும்!

சரி, அடுத்த அறைக்கு வாருங்கள். இங்கே பீரோவைக் குடைகிறார்கள். 2020 ஜூன் 9-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ் என்று அறிவிப்பு வந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் விசில் அடித்தார்கள். தலைமை ஆசிரியர்களுக்கோ வியர்த்தது. ஏனென்றால் மதிப்பெண்ணில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து, 20 சதவீதம் வருகைப்பதிவிலிருந்து என்று முடிவானது. எப்போதோ திருத்திக் கட்டிப் போட்ட அந்தப் பழைய விடைத்தாள்கள் ஒரே நாளில் தங்கமாகிவிட்டன. சணல் கயிறு அவிழ்ந்த கட்டு, கரையான் எட்டிப் பார்த்த கட்டு, எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்தாக வேண்டும். காலாண்டுத் தேர்வுதானே என்று ஏனோதானோவென்று எழுதியவர்கள் நகம் கடித்ததும் அப்போதுதான்.

இப்போது ஒரு குட்டிப் பயணம். கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகம், எட்டாவது மாடி. 2019 ஆகஸ்ட் 26-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் கூடாரம் இதுதான். தொடங்கியபோது 'இதை யார் பார்ப்பார்கள்' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் உண்டு. ஒரே வருஷத்தில் அதுவே வகுப்பறை ஆனது! அரசு கேபிளில் 200-ஆம் சேனல். கடைசி பெஞ்சைப் பார்த்து 'டேய், எழுந்திரு' என்று அதட்டிப் பழகிய வாத்தியார்கள், பதிலே பேசாத கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி வகுத்தல் கணக்கு நடத்த வேண்டும். யாருக்குப் புரிந்தது, யார் கொட்டாவி விட்டார்கள், ஒன்றும் தெரியாது. விளக்கு வெளிச்சம் வேறு முகத்தில் அடிக்கும்.

டிவி பாதி வேலையைத்தான் செய்தது. மீதி, வாட்ஸ்அப். அங்கேதான் இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்துக்கே உரிய சிக்கல். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா பாக்கெட்டில். கம்பெனிகள் திறந்து அப்பா டூட்டிக்குப் போனால் போனும் டூட்டிக்குப் போய்விடும். அதனால் காலையில் டீச்சர் போட்ட வீட்டுப்பாடம் ராத்திரி எட்டரைக்குத்தான் திறக்கும். பத்து மணிக்குச் சாய்ந்த போட்டோவாகப் பதில் வரும், ஓரத்தில் சாம்பார்க் கறையோடு! டீச்சர் அதற்கும் ஒரு கட்டைவிரல் காட்டிவிட்டுத்தான் தூங்குவார். ரீசார்ஜ் தீர்ந்த வீடுகளிலிருந்து அதுவும் வராது. அந்தப் பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கே போன ஆசிரியர்கள் உண்டு. செங்கல் சூளைகளிலும் சிப்காட் லைன் வீடுகளிலும் இருந்த வெளிமாநிலப் பிள்ளைகளுக்கோ பாடம் நடந்த மொழியே புதிது.

வகுப்பறைகள் மட்டும் சும்மா இருந்தனவா? 2021 செப்டம்பர் 12-ல் மாநிலம் முழுக்க 40,000 இடங்களில் முதல் மெகா தடுப்பூசி முகாம். ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேல் ஊசி. பல ஊர்களில் முகாம் நடந்த இடம் பள்ளிக்கூடம்தான். பேரன் உட்காரும் பெஞ்சில் தாத்தா உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்துச் சிரித்த பேரப் பிள்ளைகளுக்கும் முறை வந்தது. 2022 ஜனவரி 3 முதல் 15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலேயே ஊசி போட ஆரம்பித்தார்கள்.

ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல். ஒன்றரை வருஷத்துக்கும் மேலான இடைவெளி. இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக வகுப்பறையைப் பார்த்தது! அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான் 'இல்லம் தேடிக் கல்வி'. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். முதல் 12 மாவட்டங்களில் திருவள்ளூர் இல்லை, அடுத்த கட்டத்தில்தான் முறை வந்தது.

இதன் நாயகிகள் யார் தெரியுமா? தெருவில் நமக்குத் தெரிந்த அக்காக்கள். தொடக்க வகுப்புக்கு ப்ளஸ் டூ, மேல் வகுப்புக்கு டிகிரி முடித்திருந்தால் போதும் என்றார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். சுமார் இருபது பிள்ளைகளுக்கு ஓர் அக்கா. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணை, கோயில் மண்டபம், மொட்டைமாடி, எங்கே பாய் விரிந்ததோ அங்கே வகுப்பு. பாட்டு, கதை, பல்லாங்குழி. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு கண்ணை வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற சாமர்த்தியம் எந்தப் பயிற்சியில் வரும்?

பலன் கிடைத்ததா? கிடைத்தது. தமிழகக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தது அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரின் ஆய்வு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்கிறார்கள். அடுத்த வேலையைத் தொடங்கிவைத்ததோ நம் மாவட்டம்! எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுத்தும் கணக்கும் பழக வேண்டும் என்கிற 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில்தான் தொடங்கியது.

ஆக, கொரோனா காலத்தில் பூட்டியிருந்தது கேட் மட்டும்தான். சமையலர், அமைப்பாளர், ஆசிரியர், தெரு அக்கா என்று யாரோ ஒருவர் பின்வாசலைத் திறந்தே வைத்திருந்தார். இன்றைக்கு முன்வாசலும் திறந்திருக்கிறது, அதில் நுழைய உங்களுக்கு உரிமையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் போங்கள். போனால், அன்றைக்கு அரிசி அளந்த அந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.